தானா வந்த பூனை தானா பாத்துக்குமா?

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் கால்நடை டாக்டர் இல்லை. பி.காம் படிச்சுட்டு பேங்க்ல குப்பை கொட்டற ஆள். இதுல இருக்கிற மருத்துவ விஷயமெல்லாம் அடிபட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. உங்க வீட்டுப் பூனைக்கு என்ன மருந்துங்கறதை உங்க டாக்டர்தான் சொல்லணும்.

சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். டிரான்ஸ்ஃபர்ல பெங்களூர் வந்து, ஆடுகோடியில (இங்க போர்டுல 'அடுகோடி') ரெண்டாவது மாடி வாடகை வீட்டுல குடியிருக்கோம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மழை நாள், மொட்டை மாடி தண்ணி டேங்குக்கு அடியில ஒரு குட்டி கத்திட்டு இருந்துச்சு. பொண்ணு கொண்டுவந்து பால் ஊத்தினா. பாண்டின்னு பேர் வெச்சா. அவ்வளவுதான், கதை முடிஞ்சது.

ஆனா நாங்க பூனை வளர்க்கலை. இதை நல்லா கவனிங்க. வாடகை அக்ரிமெண்ட்ல பிராணிகள் கூடாதுன்னு ஒரு வரி இருக்கு. அதனால யார் கேட்டாலும் "வளர்க்கலீங்க, சும்மா வந்து போகும்" அப்படின்னுதான் பதில். ரெண்டு வருஷமா சும்மா வந்து போகுது. என் தலகாணியிலதான் தூங்குது. வாரத்துக்கு ரெண்டு நாள் மத்தி மீன் கணக்குல வருது. அம்பதாயிரம் ரூபாய் கடனுக்கு நாலு பேப்பர் கேக்கற நான், வீட்டுல ஒரு ஆளை ஒரு பேப்பரும் இல்லாம வெச்சிருந்தேன். தடுப்பூசி கிடையாது. கருத்தடை கிடையாது. "அதுபாட்டுக்கு வந்துச்சு, அதுபாட்டுக்கு இருக்கும்."

இந்தப் பதிவே அந்த ஒரு வாக்கியத்தைப் பத்திதான்.

ஒரு ராத்திரி சன்ஷேடுல பயங்கர சத்தம். பக்கத்துத் தெரு கடுவனும் நம்ம பாண்டியும். காலையில வந்தப்போ வாலுக்கு மேல கொஞ்சம் முடி பிஞ்சிருந்துச்சு, தோல்ல கடுகளவு ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை. "பூனைதானே, நக்கியே ஆத்திக்கும்"னு சொல்லிட்டு, மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில குழைச்சு அப்பிட்டு பேங்குக்குக் கிளம்பிட்டேன். ஊர்ல அம்மாகிட்ட போன்ல சொன்னப்போ, அவங்களும் "பூனைக்கு ஏழு உசுருடா, விடு"ன்னாங்க.

ரெண்டாம் நாள் கட்டிலுக்கு அடியிலயே கிடந்தான். மூணாம் நாள் மீனை மோந்து பாத்துட்டுத் திரும்பிப் படுத்துட்டான். தொட்டா அனலா கொதிக்குது. வாலுக்கு மேல எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? பாராசிட்டமால் 500 மாத்திரையை எடுத்து, கால் பாகமா உடைச்சு, தயிர்ல கலந்து வெச்சேன். நல்லவேளை வீட்டுக்காரம்மா கையைப் பிடிச்சாங்க. "பிள்ளைக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேக்கறீங்கல்ல, இதுக்கும் கேட்டுட்டுக் குடுங்க."

போன்ல கிடைச்ச கால்நடை டாக்டரம்மா நான் சொல்லி முடிக்கவே விடலை. "முதல்ல அந்தத் தயிரைக் கொட்டுங்க சார்"னாங்க.

பாராசிட்டமாலை உடைச்சு வெளியேத்தற வேலையை நம்ம ஈரல் செய்யுது. பூனையோட ஈரல்ல அதுக்கு வேண்டிய என்சைம் போதுமான அளவு கிடையாது. மருந்து விஷமா மாறி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமப் போயிடும். ஈறு பழுப்பாவோ நீலமாவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு முட்டும். ஒரே ஒரு 500 மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். கால் பாகமும் பத்திரம் கிடையாது. ஐபுபுரோஃபென், ஆஸ்பிரினும் நாமா குடுக்கக் கூடாது. பாசத்துல விஷம் வைக்க இருந்தேன்னு நினைச்சா இப்பவும் கை நடுங்குது.

அந்தக் கடுகளவு புள்ளிக்கு என்ன ஆச்சுன்னும் அவங்கதான் விளக்கினாங்க. பூனையோட கோரைப்பல் ஊசி மாதிரி. மேல சின்ன ஓட்டை, உள்ள ஆழம். பூனைத்தோல் தளர்வா இருக்கிறதால அந்த ஓட்டை சீக்கிரமே மூடிக்கும். பல்லோட போன கிருமி உள்ள மாட்டிக்கும். 2-லேர்ந்து 5 நாளைக்குள்ள சீழ் கட்டும். முகம், முன்னங்கால், வாலடி, இந்த மூணும் அடிக்கடி கடிபடற இடங்கள். திரும்பி நின்னு சண்டை போட்டவனுக்கு முகத்துல, ஓடினவனுக்கு வாலடியில. (பாண்டி வீரத்தைப் பத்தி அதுக்கப்புறம் நாங்க பேசறதில்லை!)

ஆக, நான் அப்பின மஞ்சள் அந்த ஓட்டையை இன்னும் நல்லா அடைச்சு விட்டிருக்கு. உள்ள பணம் போயிட்டு இருக்கும்போது மேல கணக்கு டேலி ஆகற மாதிரிதான் இந்தக் காயம். மேல பாத்து கையெழுத்து போட்டா மாட்டிக்குவோம்.

மறுநாள் காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். கூடை கிடையாது. வளர்க்கலையே, கூடை எதுக்கு? ஒரு அட்டைப்பெட்டியில அவனைத் திணிச்சோம். மூடி வீக்கத்துல இடிச்சுது. வலியில திரும்பி, தலையைப் பிடிச்சிருந்த பொண்ணோட கையைக் கடிச்சுட்டான். கட்டைவிரலுக்குக் கீழ ரெண்டு புள்ளி. ரத்தம்.

அவளுக்கு 12 வயசு. அழலை. நேரா குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பிச்சா. "15 நிமிஷம் கழுவணும்பா, ஸ்கூல்ல சொன்னாங்க. பாண்டிக்கு ஊசி போட்டிருக்கோமா?"

அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. இருபது வருஷ சர்வீஸ்ல எத்தனையோ இன்ஸ்பெக்‌ஷன் பாத்திருக்கேன். அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

வெறிநோய்னா நாய்னு மட்டும்தான் நம்ம மண்டையில பதிஞ்சிருக்கு. ரேபிஸ் வைரஸுக்கு நாய், பூனை, குரங்கு, கீரி எல்லாம் ஒண்ணுதான். தோலைக் கிழிச்ச கடியோ கீறலோ மூணாவது வகை. அதுக்குத் தடுப்பூசியோட சேர்த்து காயத்துலயே இம்யூனோகுளோபுலினும் போடணும். அறிகுறி வந்துட்டா காப்பாத்த வழி கிடையாதுங்கறதால இதுல "நாளைக்குப் பாக்கலாம்" கிடையாது. வீட்டுக்காரம்மா பொண்ணைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆட்டோ, நான் பெட்டியோட கால்நடை டாக்டர்கிட்ட ஒரு ஆட்டோ. கையில ஊசியைக் காயத்தைச் சுத்திப் போட்டப்போதான் அவ அழுதாளாம்.

அங்க பாண்டிக்கு மயக்கம் குடுத்து, முடியை மழிச்சு, கட்டியைக் கீறிச் சீழை வடிச்சு, உள்ள கழுவி விட்டாங்க. ஆன்டிபயாடிக் எழுதிக் குடுத்தாங்க. கழுத்துல புனல் மாதிரி ஒரு காலர். தடுப்பூசி போட்டு, ஒரு அட்டையில தேதி எழுதினாங்க. ரெண்டு வருஷத்துல அவனுக்குக் கிடைச்ச முதல் பேப்பர்.

அப்புறம் 10 நாள் காவல். கடிச்ச நாயோ பூனையோ 10 நாள் கழிச்சும் நல்லா இருந்தா, கடிச்ச அன்னிக்கு அதோட எச்சில்ல வைரஸ் இல்லைன்னு அர்த்தம். அதுக்காக ஊசி போடாம 10 நாள் காத்திருக்கக் கூடாது. அன்னிக்கே ஆரம்பிக்கணும், மீதி ஊசி வேணுமா வேண்டாமாங்கறதை அப்புறம் டாக்டர் சொல்லுவார். இன்னொரு விஷயம், பல பேர் குழப்பிக்கறது. பாண்டியைக் கடிச்ச கடுவனுக்கு நோய் இருந்துச்சாங்கற கணக்கு இந்த 10 நாள்ல முடியாது. அது பாண்டி உடம்புல வெளிய தெரிய வாரக்கணக்கோ மாசக்கணக்கோ ஆகலாம். அதுக்குத்தான் அவனுக்கு உடனே ஊசி, அப்புறமும் பல மாசம் கண்காணிப்பு.

அந்த 10 நாள் எங்க வீட்டுல யாரும் சரியாத் தூங்கலை. பொண்ணு காலண்டர்ல தினம் ஒரு பென்சில் கோடு. பத்தாம் நாள் காலையில அவன் காலரோட வந்து மீனுக்குக் கத்தினப்போ, நான் பாத்ரூமுக்குள்ள போய் தண்ணியைத் திறந்து விட்டுட்டு நின்னேன். வேற எதுவும் சொல்லத் தெரியலை.

நாங்க எந்த ஊர்ல உக்காந்து இவ்வளவு அலட்சியமா இருந்தோம்னு பாருங்க. ஓசூர் ரோட்டுல, எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே நிமான்ஸ். நம்ம ஆளுங்க அதை மனநல ஆஸ்பத்திரின்னு மட்டும்தான் நினைக்கறோம். அங்க இருக்கிற நரம்பு வைரஸ் துறை, ரேபிஸ் ஆராய்ச்சிக்கு உலக சுகாதார நிறுவனத்தோட கூட்டு மையம். 2022 டிசம்பர்ல கர்நாடக அரசு மனிதருக்கு வர்ற ரேபிஸை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயா அறிவிச்சுது. நம்ம பக்கம் குன்னூர்ல 1907-லயே பாஸ்டர் நிலையம் வந்தாச்சு. தொப்புளைச் சுத்தி ஊசின்னு நாம சின்ன வயசுல பயந்த அந்தப் பழைய மருந்தை 2004-லயே நாடு முழுக்க நிறுத்தியாச்சு. இப்ப கையில நாலஞ்சு ஊசிதான். எல்லாம் இருக்கு. இல்லாதது, "இது நம்ம பூனை"ன்னு சொல்ற வாய்தான்.

"ஊர்ல இப்படியெல்லாமா பாத்தோம்?" அப்படின்னு நீங்க கேப்பீங்க. எங்க அம்மாவும் கேட்டாங்க. ஊர்ல எங்க வீட்டுல எத்தனையோ பூனை இருந்துச்சு. எல்லாமே ஒரு நாள் "காணாமப் போயிடும்". நாலு நாள் தேடுவோம், அப்புறம் அடுத்த குட்டி. இப்ப நினைச்சுப் பாக்கறேன். அதுல எத்தனை வைக்கோல் படப்புக்கு அடியில காய்ச்சலோட படுத்துக் கிடந்துச்சோ? பூனை வலியை வெளிய காட்டாது, ஒளிஞ்சுக்கும். நாம அதை "தானா பாத்துக்கிச்சு"ன்னு எழுதிக் கணக்கை மூடிட்டோம். ஏழு உசுருங்கறது அது நமக்குக் குடுத்த வரம் இல்லை, நாம நமக்குக் குடுத்துக்கிட்ட விடுமுறை.

சட்டமும் இதையேதான் சொல்லுது. 1960-ம் வருஷத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 3-வது பிரிவு. அதுல பொறுப்பு சொந்தக்காரருக்கு மட்டும்னு இல்லை. ஒரு பிராணியை யார் தன் கவனிப்புல வெச்சிருக்காங்களோ, அவங்கதான் அதோட நலத்துக்கு வேண்டியதைச் செய்யணும். (சட்டத்துல முதல் தப்புக்கு அபராதம் 10 ரூபாய்லேர்ந்து 50 ரூபாய் வரைக்கும்தான். 50 ரூபாய்க்குப் பயந்து யாரும் திருந்தப் போறதில்லை.) தினமும் பால் ஊத்தின அன்னிக்கே நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டாச்சு. பேப்பர் இல்லைங்கறதால கடன் இல்லைன்னு ஆயிடாது.

சரி, உங்க பூனை அடிபட்டு வந்தா என்ன செய்யணும்? எனக்குச் சொன்னதை அப்படியே சொல்றேன்:

1. வெறுங்கையால பிடிக்காதீங்க. கனமான துண்டைப் போர்த்திச் சுருட்டித் தூக்குங்க. பசங்களைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க.

2. வாயைத் திறந்து மூச்சு வாங்கினா, ரத்தம் நிக்காம வந்தா, எழுந்திருக்க முடியலைன்னா, கண்ணுல அடின்னா, அந்த நிமிஷமே கிளம்புங்க. கடிச்சது நாய்னா காயம் சின்னதாத் தெரிஞ்சாலும் கிளம்புங்க. நாய் கவ்வி உதறும். மேல ரெண்டு ஓட்டை, உள்ள விலா எலும்போ நுரையீரலோ அடிபட்டிருக்கும்.

3. கொதிக்க வெச்சு ஆறின அரை லிட்டர் தண்ணியில ஒரு டீஸ்பூன் உப்பு. அதால மெதுவாக் கழுவினாப் போதும். டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு, மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம். உடம்புல போடறதை எல்லாம் பூனை நக்கிடும், அதாவது மருந்தை நீங்க ஊட்டறீங்க.

4. முடியை விலக்கி உடம்பு முழுக்கத் தடவிப் பாருங்க. ஒரு புள்ளிதான் இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள்ள காட்டிடறது நல்லது. சீழ் கட்டறதுக்கு முன்னாடின்னா பெரும்பாலும் மருந்தோட போயிடும், கத்தி வேண்டியிருக்காது.

5. கட்டியை நீங்க அமுக்காதீங்க.

6. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடலைன்னா காத்திருக்காதீங்க. பூனை ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தா, அதுவும் குண்டுப் பூனைன்னா, ஈரல்ல கொழுப்பு ஏறி அதுவே தனி வியாதியாயிடும்.

7. ஆன்டிபயாடிக்கை வீக்கம் வத்தினதும் நிறுத்தாதீங்க. டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் குடுங்க. காலரைப் பாவம்னு கழட்டாதீங்க. அந்தப் பாவம் பாத்துதான் நாங்க தையலை ஒருதரம் பிரிய விட்டோம்.

இதெல்லாம் அடிபட்டப்புறம். உண்மையான வைத்தியம் அடிபடறதுக்கு முன்னாடிதான் இருக்கு. 3 மாசத்துல ரேபிஸ் ஊசி, அப்புறம் டாக்டர் சொல்ற கணக்குல வருஷா வருஷம். ஆண் பூனைக்கு அஞ்சாறு மாசத்துல கருத்தடை. இதுலதான் நம்ம ஆளுங்க நெளியறோம். "பாவம், இயற்கைக்கு விரோதம்"னு சொல்றோம். கருத்தடை செய்யாத கடுவன் ராத்திரி வெளிய போறதே எல்லைக்கும் பெட்டைக்கும் சண்டை போடத்தான். பூனைகளுக்கு வர்ற எஃப்.ஐ.வி.ன்னு ஒரு வைரஸ் (1986-ல கலிபோர்னியாவுல கண்டுபிடிச்சாங்க, மனுஷனுக்குத் தொத்தாது) முக்கியமா இந்தச் சண்டைக் கடியிலதான் பரவுது. அதுக்கு மருந்து இல்லை. கருத்தடை செஞ்சா சுத்தறதும் சண்டையும் நல்லாவே குறையும். எது பாவம்னு இப்ப சொல்லுங்க. ராத்திரி உள்ளயே வெச்சுக்கறது, ஜன்னலுக்கு வலை அடிக்கறது, ஒரு கூடை வாங்கி வைக்கறது இதெல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை வேலை.

செலவாகுமே? ஆகும். ஆனா அன்னிக்கு ரெண்டு ஆஸ்பத்திரிக்கும் நான் குடுத்ததைக் கூட்டிப் பாத்தேன். தடுப்பூசி, கருத்தடை, கூடை எல்லாம் முடிச்சும் மிச்சம் இருந்திருக்கும். தனியார்ல கட்டாதவங்களுக்கு ஹெப்பால்ல அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, 1958-ல தொடங்கின கல்லூரி.

கடைசியா, வீட்டு ஓனர் விஷயம். நம்மள மாதிரி வெளியூர்க்காரங்க டாக்டர்கிட்ட போகாததுக்குப் பாதிக் காரணம் இதுதான். பூனைக் கூடையோட படி இறங்கினா மாட்டிக்குவோம்ங்கற பயம். நானும் அன்னிக்கு அட்டைப்பெட்டியோட இறங்கறப்போ கீழ அவர் நின்னுட்டு இருந்தார். பெட்டிக்குள்ளேர்ந்து பாண்டி கத்தறான். இனி மறைக்க என்ன இருக்கு? "நம்ம பூனை சார், அடிபட்டிருக்கு"ன்னேன். அவர் கன்னடத்துல கேட்டது ஒண்ணே ஒண்ணு: "ஊசி போட்டிருக்கா?" கீழ்வீட்டுல அவரோட பேரப்பசங்க இருக்காங்க. அவர் கேட்டது நியாயம். என் பொண்ணு கேட்ட அதே கேள்வி, அரைமணி நேரத்துல ரெண்டாவது தடவை.

ரெண்டு வாரம் கழிச்சு அந்த அட்டையை எடுத்துட்டுப் போய் அவர்கிட்ட காட்டினேன். கண்ணாடி போட்டுத் தேதியெல்லாம் பாத்தார். மொட்டை மாடியில அசிங்கம் பண்ணக் கூடாதுன்னார். சரின்னேன். அக்ரிமெண்ட் புதுப்பிக்கறப்போ அந்த வரியைப் பத்தி அவரும் பேசலை, நானும் பேசலை. எல்லா ஓனரும் இப்படி இருப்பாங்கன்னு சொல்ல வரலை. ஆனா மறைச்சு வெச்ச பூனையை விட, அட்டை வெச்சிருக்கிற பூனைக்காகப் பேசறது சுலபம்.

பாண்டி இப்ப கருத்தடை முடிச்சு, கொஞ்சம் தொந்தி போட்டு, ராத்திரியெல்லாம் வீட்டுலயே இருக்கான். பக்கத்துத் தெருக் கடுவன் சன்ஷேடுல வந்து கத்தினா, ஜன்னல் வலைக்கு இந்தப் பக்கம் உக்காந்துட்டு வீரமா உறுமறான். பொண்ணு கையில அந்த ரெண்டு புள்ளி லேசாத் தெரியுது.

இதை வாசிக்கிற நீங்களும் "வளர்க்கலீங்க, சும்மா வந்து போகும்" கட்சின்னா, ஒரு வேலை செய்யுங்க. இந்த சனிக்கிழமையே ஒரு துண்டு, ஒரு கூடை, ஒரு ஆட்டோ. திரும்பி வரும்போது கையில ஒரு அட்டை இருக்கட்டும். அதுல பூனை பேருக்குப் பக்கத்துல, சொந்தக்காரர்னு இருக்கிற இடத்துல உங்க பேரை எழுதுங்க.